கருவாட்டு மண்டியில் ஓர் எடைக் கணக்கு

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊருக்கு அருகில் உள்ள ஒரு கருவாட்டு மண்டியில் 22 ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். காலையில் கடை திறந்ததும் மூட்டைகள் தராசில் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பதும், ஒவ்வொன்றின் எடையையும் சிட்டையில் பதிவதும், மாதக் கடைசியில் சிட்டையைப் பேரேட்டில் ஏற்றுவதும் என் தொழில். நிறுவையைப் பற்றி எனக்குத் தெரியாதது அதிகம் இல்லை என்ற செருக்கும் கொஞ்சம் உண்டு. அந்தச் செருக்கோடு இருந்தவன்தான் சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, வீட்டில் கிடந்த சிறிய எடை எந்திரத்தின் மீது நாள்தோறும் ஏறி நின்று, அது காட்டிய எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சோர்ந்து, ஒரு கட்டத்தில் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கதை சென்ற ஆண்டு பிப்ரவரியில் தொடங்குகிறது. வேறு எதற்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில், கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் போக்கைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5 ஆனால் நோய். மருத்துவர் என்னை நிறுத்துப் பார்த்தபோது 94.6 கிலோ இருந்தேன். உயரம் 168 சென்டிமீட்டர், இடுப்புச் சுற்றளவு 104. இந்திய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும், உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உடல் நிறை எண் 23க்குள் இருக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 23க்குள் வர வேண்டுமானால் நான் ஏறத்தாழ 65 கிலோவுக்கு இறங்க வேண்டும். அதாவது 30 கிலோ குறைய வேண்டும். எங்கள் மண்டியில் ஒரு நெத்திலி மூட்டையின் எடை அது. இத்தனை ஆண்டுகளாக ஒரு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன் என்பதைவிட, அதை இறக்கிவைக்க எந்தச் சுமைகாரரையும் கூப்பிட முடியாது என்பதுதான் என்னை அன்று மலைக்க வைத்தது.

ஆனாலும் தொடங்கினேன். காலையில் 5 கிலோமீட்டர் நடை, மதியச் சோற்றில் பாதி, இரவில் பரோட்டா இல்லை. முதல் இரண்டு மாதங்களில் எடை 90.1க்கு வந்துவிட்டது. தேநீர்க் கடையில் நான்கு பேருக்கு அறிவுரை சொல்லும் அளவுக்கு மிதப்பில் இருந்தேன். அதற்குப் பிறகு 13 வாரங்கள், அதே நடை, அதே பாதிச் சோறு, எடையோ 90க்கும் 91க்கும் இடையில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி நாட்களில் நம் ஊரில் கிடைக்கும் ஆதரவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மண்டியில் மூட்டை தூக்கும் ஓர் இளைஞர், "அண்ணே, நீங்க நடந்து நடந்து கடக்கர மண்ணுதான் தேஞ்சிருக்கு" என்றார். நல்ல நகைச்சுவை என்று நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாலை நான்கு வடை தின்றேன். இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. கன்னம் கொஞ்சம் வற்றியதைக் கண்டதும், "என்ன, சுகர் வந்துருச்சா?" என்று பேருந்து நிலையத்தில் உரக்கக் கேட்பார்கள். நம் பக்கத்தில் ஒருவர் மெலிந்தால் ஒன்று நோய், இல்லையென்றால் கடன். என் அம்மாவுக்கோ வேறு கவலை. "ஏம்ப்பா, இப்படி அரை வயித்துக்குத் தின்னா மூட்டை தூக்குற எடத்துல எப்படி நிப்ப?" என்பார். மூட்டை தூக்குவது நான் இல்லை, பேனா பிடிப்பவன்தான் என்று எத்தனை முறை சொன்னாலும், தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுந்துவிடும்.

எடை எந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிய வாரத்தில்தான், ஒரு நாள், ஈரம் சரியாகக் காயாத காரல் கருவாடு சில மூட்டைகள் வந்திறங்கின. அப்படி வந்தால் எடையில் கழிவு போடுவோம். இன்றைக்கு 40 கிலோ நிற்கும் மூட்டை நான்கு நாள் கழித்து 37தான் நிற்கும் என்பது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தெரியும். குறைந்தது தண்ணீர், சரக்கு அப்படியேதான் இருக்கிறது. பச்சை மீனில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். வெயிலில் பரப்பினால் இரண்டு மூன்று நாட்களில் அதன் எடை பாதிக்கும் கீழே போய்விடும். உலகத்திலேயே வேகமான எடைக் குறைப்பு எங்கள் களத்தில்தான் நடக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டவன், கழிவைச் சிட்டையில் எழுதும்போது சட்டென்று நிறுத்தினேன். மூட்டைக்கு 22 ஆண்டுகளாக நான் பார்க்கும் இந்தக் கணக்கை என் உடம்புக்கு ஏன் பார்க்கவில்லை?

அன்று முதல் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நம் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. சோற்றைப் பாதியாக்கியதும் முதலில் கரைவது இந்தச் சேமிப்பும் அதோடு ஒட்டிய நீரும்தான். என் முதல் இரண்டு மாத வெற்றியில் ஒரு பகுதி இப்படிக் காய்ந்த ஈரம். அதைக் கொழுப்பு என்று நினைத்து, அதே வேகத்தை மூன்றாம் மாதத்திலும் எதிர்பார்த்தது என் பிழை. கொழுப்பின் கணக்கே வேறு. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. என் எடையில் ஒருவர் 5 கிலோமீட்டர் நடந்தால், சும்மா இருந்தால் செலவாவதற்கு மேல், சுமார் 250 கலோரி செலவாகும். உணவில் எதையும் மாற்றாமல் நடையை மட்டும் நம்பினால், ஒரு கிலோ கரைய ஒரு மாதம் ஆகும். மாதம் 10 கிலோ என்று சுவரொட்டி ஒட்டி மாவு டப்பா விற்பவர்கள் கருவாட்டு முறையைத்தான் விற்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. நானும் ஒரு டப்பா வாங்கியவன்தான். என்ன விலை கொடுத்தேன் என்பதை இங்கே எழுதினால் என் மனைவி படித்துவிடுவார்.

இதைவிட எனக்குத் தெளிவு கொடுத்தது அப்போது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹாலும் அவருடைய குழுவினரும் 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கணக்கு. உடல் இளைக்க இளைக்க அதன் அன்றாடச் செலவும் குறைந்துகொண்டே வரும் என்பதால், முதல் மாதத்தில் கிடைத்த பலன் பத்தாம் மாதத்தில் கிடைக்காது என்பது அதன் சாரம். உண்பதில் நாளொன்றுக்கு 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் ஒரு கிலோ எடை குறையும். அதில் பாதி குறைய ஓராண்டும், 95 விழுக்காடு குறைய மூன்று ஆண்டுகளும் ஆகும் என்கிறார்கள். இதை என் வழக்கப்படி பேரேட்டுக் கணக்காக்கிப் பார்த்தேன். நாளுக்கு 240 கலோரி குறைத்தால் கடைசியில் 10 கிலோ, முதல் ஆண்டில் 5 கிலோ. 52 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 100 கிராம் கூட முழுதாக வரவில்லை.

இங்கேதான் தராசுக்காரனுக்கு மூளையில் மணி அடிக்க வேண்டும். என் வீட்டு எந்திரம் 100 கிராம் படியில்தான் எண்ணைக் காட்டும். உடம்பின் நீரோ உப்பு, வெயில், மலச்சிக்கல், தூக்கம் என்று ஏதேதோ காரணத்தால் ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் இடையில் ஒரு கிலோவுக்கு மேலும் ஏறி இறங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் அந்த நிமிடமே ஒரு கிலோ ஏறுகிறது. அலை ஒரு கிலோ உயரம் எழுந்து விழும் இடத்தில், வாரத்துக்கு 100 கிராம் வற்றுகிறதா என்று கரையில் நின்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எந்திரம் பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் அதற்குத் தெரியாததைக் கேட்டேன். இதில் என் தொழிலும் ஒரு வம்பு செய்திருந்தது. மண்டியில் மதியச் சாப்பாடு என்பது பெரும்பாலும் பழைய சோறும் சுட்ட கருவாடும். நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார அமைப்பு சொல்கிறது. எங்கள் பாறை மீன் கருவாட்டில் இரண்டு துண்டை வைத்துக்கொண்டு அந்த வரம்புக்குள் நிற்பது கடினம். கருவாடு தின்ற மறுநாள் என் எடை 800 கிராம், ஒரு முறை 1.2 கிலோ கூட ஏறியிருக்கிறது. அது உப்பு பிடித்துவைத்த தண்ணீர். அப்படிப்பட்ட காலைகளில்தான் நான் "எல்லாம் வீண்" என்று முடிவு கட்டி, தேநீர்க் கடையில் வடைக்குக் கை நீட்டியிருக்கிறேன்.

ஆகவே எந்திரத்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, மண்டி வழக்கத்தை அதற்கும் கொண்டுவந்தேன். காலையில் எழுந்து, கழிவறை சென்று வந்து, எதுவும் குடிப்பதற்கு முன் எடையைச் சிட்டையில் எழுதுவேன். அதைப் பற்றி எந்தக் கருத்தும் வைத்துக்கொள்ள மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்துச் சராசரி காண்பேன். நான்கு சராசரிகள் சேர்ந்த பிறகுதான் பேரேட்டில் ஏற்றி, ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பேன். ஒரு நாள் வியாபாரத்தைப் பார்த்து இலாபம் நட்டம் பேசும் கணக்கப்பிள்ளையை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார். தினமும் எடை பார்ப்பது சிலருக்கு மன உளைச்சலைத் தரும் என்பதையும் மறுக்கவில்லை. என் மனைவி மாதம் ஒரு முறைதான் பார்க்கிறார், அவருக்கு அதுவே சரியாக இருக்கிறது.

சிட்டை எழுதத் தொடங்கிய பிறகு அந்த 13 வாரங்களையும் திரும்பிப் பார்த்தேன். நீரின் ஏற்ற இறக்கம் பாதிப் பழியைத்தான் ஏற்கும். மீதிப் பழி பதநீருக்கு. பனை எங்கள் மாவட்டத்தின் மரம். வெயில் காலத்தில் காலை நடை முடிந்து திரும்பும் வழியில், பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரும் பதநீரை இரண்டு பட்டை குடிப்பது எனக்கு வழக்கமாகியிருந்தது. உடம்புக்குக் குளிர்ச்சி, இயற்கை, மருந்து என்று மனத்துக்குள் எத்தனையோ சான்றிதழ்கள். அதைக் காய்ச்சினால்தானே கருப்பட்டி வருகிறது என்ற சாதாரண விஷயம் ஏனோ தோன்றவே இல்லை. பதநீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். அரை லிட்டர் குடித்தால் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. நடையில் செலவிட்டதில் பெரும்பகுதியை வழியிலேயே திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். பதநீரை நான் விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டை. மற்ற நாட்களில் நுங்கு கிடைத்தால் இரண்டு சுளை.

இன்னொரு காரணம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகுகளின் மீன் மட்டும்தான் வரும் என்பதால் மண்டியில் சரக்கு சுருங்கிவிடும். வேலை இல்லாதவன் வாய் சும்மா இருக்குமா? மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, வருபவர்களோடு பேசி, ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தேநீர். மூட்டைகளுக்கிடையில் அங்கும் இங்கும் நடக்கும் நடையும் நின்றுபோயிருக்கும். நடைப்பயிற்சியை மட்டும் கணக்கில் எழுதி, மற்ற நேரத்தில் உடம்பு எவ்வளவு அசைந்தது என்பதை எழுதாமல் விட்டது கணக்கப்பிள்ளைக்கு அழகில்லை.

தராசைத் தவிர வேறு எதில் முன்னேற்றத்தைப் பார்ப்பது என்று யோசித்தபோது எனக்குக் கிடைத்தவற்றில் பிடித்தமானது பாம்பன் சாலைப் பாலம். 1988இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 2 கிலோமீட்டருக்கும் சற்று அதிக நீளம். கரையிலிருந்து நடுப்பகுதி வரை மெல்ல மெல்ல ஏற்றம். சென்ற ஆண்டு மார்ச்சில் மண்டபம் பக்கத்திலிருந்து நடந்து உச்சிக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடலைப் பார்ப்பதற்காக நிற்கிறேன் என்பது போல் பாவனை வேறு. எடை அசையாத அந்த மூன்று மாதத்தின் முடிவில் ஒரு நாள் போனபோது ஒரே இடத்தில்தான் நின்றேன். தீபாவளிக்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை. உச்சியில் நின்று கீழே பார்த்தால் 1914ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் தெரியும். இப்போது உண்மையாகவே கடலைப் பார்ப்பதற்காகத்தான் நிற்கிறேன்.

இடுப்பு அளவு நாடா மாதம் ஒரு முறை. தொப்புள் உயரத்தில், மூச்சை வெளியே விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் எடுக்க வேண்டும். எடை அசையாத அந்த 13 வாரங்களில் என் இடுப்பு 2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. மருத்துவர் மறுபடி எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 5.9. எடை நின்றுவிட்டது என்று நான் துக்கம் கொண்டாடிய நாட்களில், இரத்தம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் நடத்தி 2006இல் முடிவுகளை வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைப் பின்தொடர்ந்தார்கள். நடையையும் உணவையும் திருத்திக்கொண்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது என்பதுதான் என் போன்றவர்கள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதையும் வாரத்துக்கு 150 நிமிடம் உடலை அசைப்பதையும் இலக்காக வைத்தவர்களிடம் அந்த வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. 94.6இல் 7 விழுக்காடு என்றால் 6.6 கிலோ. 30 கிலோ மூட்டையை மனத்திலிருந்து இறக்கிவிட்டு இந்த 6.6ஐ இலக்காக எழுதிக்கொண்டேன். டிசம்பரில் 88ஐத் தொட்டபோது மண்டியில் யாருக்கும் சொல்லவில்லை. கடைத் தராசில் ஒரு முறை ஏறி நின்று, இரண்டு எந்திரமும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

நடைக்கு எங்கள் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. மண்டபம் நிலத்தின் ஒரு குறுகிய நாக்கு. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போல் கிடக்கும். வாடை தொடங்கினால் அப்படியே தலைகீழ். நாட்டுப்படகுக்காரர்கள் காற்றுக்கு ஏற்பக் கரையை மாற்றிக்கொள்கிறார்கள். நானும் மாற்றிக்கொள்கிறேன். முதல் ஆண்டில் கச்சானில் தென்கரையிலேயே நடப்பேன் என்று வீம்பு பிடித்து, கண்ணில் மணல் விழுந்து, பத்து நாள் நடைக்கே போகவில்லை. உலர்ந்த மணலில் நடந்தால் தரையில் நடப்பதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆற்றல் செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தக் கணக்கை நம்பி இறங்க வேண்டாம், அலை நனைத்த கெட்டி மணலே போதும். காலையில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் எதிரே வருவார்கள். மணிக்கணக்கில் கடலில் மூழ்கி எழுகிறவர்களுக்கு, சட்டை நனையாமல் கை வீசி நடக்கும் நான் எப்படித் தெரிவேனோ!

ஒரு செய்தியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் மாதக்கணக்கில் எடையோ இடுப்போ எதுவுமே அசையவில்லை என்றால், தைராய்டு சுரப்பையும் வேறு நோய்களுக்கு எடுக்கும் மாத்திரைகளையும் மருத்துவரிடம் பேசிப் பார்ப்பது நல்லது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் தாங்களாகவே உணவைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடக்கூடும். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றிய பிறகே குறைக்க வேண்டும்.

சறுக்கல்கள் இப்போதும் உண்டு. மே மாதம் கீழக்கரையில் ஒரு நண்பர் வீட்டுத் திருமணம். நெய்ச்சோறும் தாளிச்சாவும் ஆட்டிறைச்சியும் உண்டுவிட்டு, வரும்போது அவர்கள் கொடுத்த தொதல் என்ற இனிப்புப் பொட்டலத்தைப் பேருந்திலேயே பாதி காலி செய்தேன். மறுநாள் காலை எடை 1.6 கிலோ கூடியிருந்தது. பழைய நானாக இருந்தால் அந்த வாரம் முழுவதும் போயிருக்கும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் எவ்வளவு தின்றாலும் ஓர் இரவில் ஒன்றரைக் கிலோ கொழுப்பாவதற்கு 11,000 கலோரிக்கு மேல் வேண்டும் என்று கணக்குப் பார்த்து, எண்ணைச் சிட்டையில் எழுதிவிட்டு நடைக்குக் கிளம்பினேன். ஐந்தாம் நாள் அந்த எண் தானாகவே இறங்கிவிட்டது. மீதித் தொதலை யார் தின்றார்கள் என்று வீட்டில் விசாரணை நடந்ததும் எனக்கு உதவியாக இருந்தது.

இந்த ஆண்டுத் தடைக்காலம் ஜூன் 14இல் முடிந்தது. அந்த 61 நாட்களிலும் மாலைத் தேநீரைச் சர்க்கரை இல்லாமல் இரண்டாகக் குறைத்தேன். சரக்கு இல்லாத நேரத்தில் பழைய பேரேடுகளை அடுக்கும் வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். சென்ற ஆண்டு இதே காலத்தில் அசையாமல் நின்ற எடை, இந்த ஆண்டு 87.3இலிருந்து 86.3 ஆனது. இரண்டு மாதத்தில் ஒரு கிலோ. இடுப்பு 96. இன்னும் 90க்கு வரவில்லை, அதற்கு இன்னும் ஓராண்டாவது ஆகும் என்றுதான் கணக்குச் சொல்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமையின் சராசரி 86.4. அதற்கு முந்தைய வாரத்தைவிட 100 கிராம் கூடுதல். சிட்டையில் எழுதிவிட்டேன். விசைப்படகுகள் போக ஆரம்பித்துவிட்டதால் மண்டியில் மூட்டைகள் வந்துகொண்டிருக்கின்றன. கச்சான் பலமாக அடிக்கிறது. நாளை காலை வடகரையில் நடக்க வேண்டும்.